ஓடும்போது வராத வியர்வை, நின்றதும் ஏன் கொட்டுகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை மரைன் டிரைவில் விடிய ஐந்தரைக்கு ஓடுகிறீர்கள். ஓடும்போது நெற்றியில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். நின்று இரண்டு நிமிடத்தில் வேர்த்து ஊற்றுகிறது. வீட்டுக்குப் போய்க் குளித்து, துவாயால் வடிவாகத் துடைத்து, ஒஃபீஸ் சேட்டைப் போட்டால் முதுகு மறுபடி நனைந்துவிடுகிறது. கூட ஓடும் நண்பனுக்கு அப்படி இல்லை. ‘எனக்கு ஏதும் வருத்தமா, தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சரிவருமா’ என்று முடித்திருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்டபடி, உங்களைக் குடைகிற கேள்வி இதுதான்: ஓட்டம்தான் முடிந்துவிட்டதே, அது ஏன் இன்னும் என் உடம்புக்குத் தெரியவில்லை?

நான் உடற்றொழிலியல் படித்தவன். 20 வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் ஓட்டக்காரர்களுக்கும் பாடசாலை அணிகளுக்கும் உடற்தகுதிப் பயிற்சி கொடுத்து வருகிறேன். டொக்டர் அல்ல. ஆகவே உங்களுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று இங்கிருந்தபடி தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எந்த அறிகுறி இருந்தால் டொக்டரிடம் போகவேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தண்ணீரைக் குறைக்கும் யோசனையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். நீங்கள் குறைத்தாலும் உடம்பு கிட்டத்தட்ட அதே அளவு வியர்க்கத்தான் பார்க்கும். நீர் நன்றாக வற்றிய பிறகுதான் வியர்வை குறையும். அப்படிக் குறைவது ஆபத்தான குறைவு, ஏனென்றால் அப்போது உள்வெப்பம் இன்னும் வேகமாக ஏறும்.

முதலில் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மிச்சம் முழுக்க வெப்பம். 68 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அவர் உடம்பில் உண்டாகும் வெப்பம் 600 வாட் அளவில் இருக்கும். பழைய 100 வாட் மின்குமிழ் ஆறை உள்ளே எரியவிட்டதுபோல. கதிரையில் சும்மா இருக்கும்போது அது ஒரு மின்குமிழ் அளவுதான். அந்த வெப்பம் ஒரு துளியும் வெளியேறாமல் நின்றால் 10 நிமிடத்துக்கு ஒன்றரைப் பாகை வீதம் உடல் வெப்பநிலை ஏறும். 37 பாகையில் தொடங்கியவர் அரை மணித்தியாலத்தில் 41ஐத் தாண்டிவிடுவார். அப்படி நடக்காமல் தடுப்பதில் பெரும் பங்கு வியர்வைக்கு.

இதைக் கட்டுப்படுத்தும் இடம் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலமஸ். அதற்கு இரண்டு பக்கத்திலிருந்து செய்தி வருகிறது: உள்ளே ஓடும் இரத்தத்தின் வெப்பம் ஒன்று, தோலின் வெப்பம் மற்றது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. வியர்வையைத் தீர்மானிப்பதில் உள்வெப்பத்தின் செல்வாக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு என்றால் தோலின் செல்வாக்கு ஒரு பங்கு. இந்த ஒன்பதுக்கு ஒன்றை நினைவில் வைத்திருங்கள், உங்கள் குளியலறைக் கதைக்கு வரும்போது தேவைப்படும். உள்ளே சூடு ஏறியதும் நாம் நினைக்காமலே இயங்கும் பரிவு நரம்புகள் வழியாகக் கட்டளை இறங்கி, நரம்பு நுனியில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிப்பட்டு, தோல் முழுவதும் பரந்திருக்கும் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன. உள்வெப்பம் ஏறும்வரை உடம்பு காத்திருப்பதுமில்லை. ஓடச் சொல்லி மூளை தசைக்குக் கொடுக்கும் கட்டளையும், வேலை செய்யும் தசையிலிருந்து திரும்பிவரும் செய்தியும் வியர்வையைத் தூண்டும். தோல் ஏற்கெனவே சூடாக இருந்தால் ஓடத் தொடங்கிச் சில வினாடிகளிலேயே வியர்வை கூடுவதை ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இதைக் காய்ச்சலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காய்ச்சலில் மூளை தன் இலக்கையே 39க்கு உயர்த்திவிடுகிறது, அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் குளிர்கிறது, போர்வை தேடுகிறோம். ஓட்டத்தில் இலக்கு 37இலேயே நிற்கிறது. வெப்பம்தான் அதைத் தாண்டிப் போகிறது. எனவே ஓடிவிட்டு வந்து ‘உடம்பு சுடுகிறது’ என்று பனடோல் போடுவதில் பயன் இல்லை. அது இறக்கக்கூடிய வெப்பம் இதுவல்ல.

சுரப்பது ஒன்று, குளிர்விப்பது இன்னொன்று. பலர் தவறவிடும் இடம் இது. வியர்வை தோலில் வந்து நின்றால் உடம்பு குளிராது. அது ஆவியாகி எழும்பும்போதுதான் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 2,430 கிலோயூல் போகும். ஒரு மணித்தியாலத்தில் அது நடந்தால் 675 வாட், உங்கள் ஆறு மின்குமிழுக்கும் போதும். தரையில் சொட்டுகிற துளியோ துவாயில் ஏறுகிற துளியோ அந்தக் கணக்கில் சேராது. உப்பையும் நீரையும் செலவழித்த உடம்புக்கு அதில் ஒரு குளிர்ச்சியும் கிடைக்கவில்லை. நம் கண்ணுக்குத் தெரிகிற வியர்வை பெரும்பாலும் வேலை செய்யாமல் போன வியர்வைதான். வேலை செய்தது காற்றோடு போய்விட்டது, அதை நாம் பார்ப்பதே இல்லை.

சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்று ஒரு தடவை செய்து காட்டினேன். வீட்டுச் சமையலறைத் தராசை மைதானத்துக்குக் கொண்டுபோய் ஒரு பையனின் பருத்தி ரீ-சேட்டை நிறுத்தேன்: 170 கிராம். மார்ச் மாதப் பின்னேரம், காற்றே இல்லை, ஒரே அவிச்சல். 45 நிமிடப் பயிற்சி முடிந்து வந்தவன் கையைத் தொங்கவிட்டு நின்றான். முழங்கையில் ஒரு துளி திரண்டு சீமெந்துத் தரையில் விழுந்தது, அது காய்வதற்குள் அதே இடத்தில் அடுத்தது. ரீ-சேட்டைக் கழற்றி நிறுத்தபோது 510 கிராம். உடல் எடையையும் குடித்த தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 1.1 லீற்றர் வியர்த்திருந்தான். அதில் 340 கிராம் துணிக்குள்ளேயே நின்றுவிட்டது. சொட்டியது வேறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்பைக் குளிர்விக்காமல் போயிற்று. அந்தப் பையன் அதற்குப் பிறகு பயிற்சிக்குத் தடித்த பருத்தி போட்டு வரவில்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு நேராக வரலாம். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவருக்கு, காற்றே இல்லாத நாளிலும், விநாடிக்கு 3 மீற்றர் அளவில் ஒரு காற்று எதிரே அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்றை உண்டாக்குவது அவர் ஓட்டம்தான். சுரக்கும் வியர்வையை அது அவ்வப்போதே எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் நெற்றியில் கொஞ்ச ஈரம் மட்டும் தெரிந்தது. ஓடும்போது நீங்கள் நன்றாகவே வியர்த்தீர்கள், அது தெரியவில்லை, அவ்வளவுதான். நின்ற கணத்தில் காற்று நின்றுவிட்டது. சுரப்பிகள் நிற்கவில்லை, ஏனென்றால் உள்வெப்பம் இன்னும் 38, 38.5 என்று மேலேதான் இருக்கிறது. எடுத்துச் செல்ல ஆளில்லாமல் வியர்வை தேங்கத் தொடங்குகிறது. பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வந்தவர், பஸ் சந்தியில் நின்றதும் வேர்த்து நனைகிறாரே, அதே கதைதான்.

மிச்சம் இருக்கும் வெப்பம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 68 கிலோ உடம்பு ஒன்றரைப் பாகை கூடச் சூடாக இருந்தால் அதில் தேங்கியிருப்பது 360 கிலோயூல் அளவு. முழுவதும் ஆவியாகக்கூடிய வியர்வை என்றால் 150 மில்லிலீற்றரில், அதாவது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவில், அந்தக் கடன் தீர்ந்துவிடும். நீங்கள் அரை மணித்தியாலம் ஊற்றிக்கொண்டிருப்பது உள்ளே அவ்வளவு பெரிய வெப்பம் இருப்பதால் அல்ல. ஊற்றுவதில் பாதி கூட ஆவியாகாததால்தான்.

கொழும்பில் ஏன் ஆவியாவதில்லை என்பதற்கு நீராவி அமுக்கத்தை, அதாவது நீராவி மட்டும் கொடுக்கும் அழுத்தத்தை, பார்க்கவேண்டும். ஈரமான தோல் 35 பாகையில் இருந்தால் அதன் மேற்பரப்பில் நீராவி அமுக்கம் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 30 பாகை, 80 சதவீத ஈரப்பதன் என்றால் காற்றில் ஏற்கெனவே 3.4 இருக்கிறது. வியர்வையை இழுப்பது இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள 2.2 மட்டும். 24 பாகை, 50 சதவீத ஈரப்பதனில் உள்ள ஏசி அறையில் அந்த இடைவெளி 4.1. கிட்டத்தட்ட இரட்டிப்பு. 40 பாகை கொளுத்தும் பாலைவனத்தில், ஈரப்பதன் 15 சதவீதம் என்றால், 4.5. மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் ‘அங்கே வேர்க்கவே வேர்க்காது, இங்கே வந்தால்தான் புழுங்குது’ என்று சொல்வது இதைத்தான். அங்கே இதைவிட அதிகமாக வியர்த்திருப்பார்கள், அது உடனுக்குடன் காய்ந்துவிட்டது. 1774இல் லண்டனில் சார்ல்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் 120 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கிய உலர்ந்த அறையில் சில நிமிடம் நின்றுவிட்டு நலமாக வெளியே வந்தார். அதே அறையில் வைத்த மாட்டிறைச்சித் துண்டு வெந்துபோயிருந்தது. இரண்டுக்கும் இடையில் நின்ற பெரிய வித்தியாசம் ஆவியாகும் வியர்வை.

ஒரு தவறான எண்ணத்தையும் இந்த இடத்தில் தீர்த்துவிடுகிறேன். ‘விடிய ஈரப்பதன் 90 சதவீதம், பின்னேரம் 70தான், ஆகவே பின்னேரம் ஓடுவது நல்லது’ என்று சிலர் தொலைபேசியைப் பார்த்துச் சொல்கிறார்கள். சதவீதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. 25 பாகையில் 90 சதவீதம் என்பது 2.85 கிலோபாஸ்கல்தான், எனவே ஆவியாதலுக்கு அந்த விடியற்காலை 30 பாகை, 80 சதவீத நேரத்தைவிடச் சாதகமானது. வெயிலும் இல்லை. உங்கள் ஐந்தரை மணி நல்ல தெரிவு. பின்னேரம் காலி முகத்திடலில் கடற்காற்று நன்றாக அடிக்கும் நாளில் அதுவும் இதம்தான், அது காற்றின் உபயம்.

புழுக்கத்தில் இன்னொன்றும் நடக்கும். நெடுநேரம் தோல் நனைந்தே இருந்தால் அதன் மேற்படை நீரை உறிஞ்சி ஊதுகிறது, சுரப்பி வாய்கள் நெருக்கப்பட்டு, உள்ளே சூடு இருந்தும் வியர்வை குறைகிறது. இது நடக்கிறது என்பது உறுதி. ஊதிய தோல் வாயை அடைப்பதுதான் காரணம் என்பது பெரும்பான்மையோர் கருத்து, சுரப்பி களைத்துப்போவதும் சேர்ந்திருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியானாலும் எடுக்கவேண்டிய பாடம் ஒன்றுதான்: சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது துடைப்பதில் நட்டம் இல்லை. மெல்லிய ஈரப்படலமாக இருப்பதைத் துடைப்பதுதான் வீண், அது இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆவியாகி உங்களைக் குளிர்வித்திருக்கும்.

ஓட்டம் முடிந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்லவேண்டும். உறுதியானது: நல்ல ஓட்டத்துக்குப் பிறகு உள்வெப்பம் உடனே 37க்கு இறங்குவதில்லை, ஒரு மணித்தியாலம் சென்றும் அரைப் பாகை அளவில் மேலே நிற்கலாம். வேலை செய்த கால் தசைகளில் தேங்கிய சூடு இரத்தத்தோடு மெல்ல மெல்ல வந்து சேர்வதும் இதற்கு ஒரு காரணம். சுரக்கும் வேகமும் தோலுக்குப் போகும் இரத்தமும் உள்வெப்பத்தைவிட விரைவாகவே குறைகின்றன என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. ஏன் உடம்பு வேலை முடியுமுன் கருவியைக் கீழே வைக்கிறது என்பதில்தான் விவாதம். சட்டென்று நின்றால் கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுவது நின்று, இரத்தம் காலில் தங்கி, இரத்த அமுக்கம் சற்று இறங்குகிறது. அதை உணரும் உணரிகள் மூளைக்குச் செய்தி சொல்லி வெப்பம் வெளியேற்றும் வேலையை அடக்குகின்றன என்பது நல்ல ஆதாரமுள்ள விளக்கம், ஆனால் அது முழு விளக்கமா என்பது முடிவாகவில்லை. நான் அனுபவத்தில் கண்டது இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது: 10 நிமிடம் மெதுவாக நடந்து முடிப்பவர்கள், ஓடி வந்த வேகத்தில் மதிலில் குந்துகிறவர்களைவிட விரைவாக ஆறுகிறார்கள். தலைச்சுற்றும் குறைவு.

இனிக் குளியல். வியர்வையோடு குளித்தால் தடிமன் பிடிக்கும் என்று அம்மா சொல்லியிருப்பார், என் அம்மாவும் சொன்னார். தடிமனைக் கொண்டுவருவது வைரஸ், தண்ணீர் அல்ல. ஆனால் ‘கொஞ்சம் ஆறிவிட்டுக் குளி’ என்ற சொல்லில் வேறொரு உண்மை இருக்கிறது, நான் அதைக் கைவிடச் சொல்லமாட்டேன். நீங்கள் ஓடிவந்த சூட்டோடு குளிரான தண்ணீரில் இரண்டு நிமிடம் நிற்கிறீர்கள். தோல் குளிர்கிறது, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வியர்வை அடங்குகிறது. ‘சரி, ஆறிவிட்டது’ என்று வெளியே வருகிறீர்கள். ஆனால் தோல் அந்த ஒரு பங்குதான். ஒன்பது பங்குக்காரர் உள்ளே இன்னும் 38இல் நிற்கிறார். குளியலறைக்குள் காற்று நீராவியால் நிறைந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தோல் பழையபடி சூடாகிறது, கட்டளை திரும்பவும் இறங்குகிறது, அந்த நேரம் பார்த்து நீங்கள் சேட்டைப் பூட்டுகிறீர்கள். வெந்நீரில் குளித்தால் இன்னும் மோசம், வெளியிலிருந்தும் சூட்டை ஏற்றுகிறீர்கள்.

ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள். ஆறேகாலுக்கு ஓட்டம் முடிகிறது என்று வைத்துக்கொண்டால் 10 நிமிடம் நடை. வீட்டில் சேட்டில்லாமல் ஃபேனுக்குக் கீழே 15 நிமிடம், மேலில் ஈரம் காயும்வரை. கையையும் முகத்தையும் குழாய்த் தண்ணீரால் நனைத்து ஃபேன் முன்னால் இருந்தால் இன்னும் விரைவு, உடம்பு உப்பையும் நீரையும் செலவழிக்காமல் குழாய்த் தண்ணீரே ஆவியாகும். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஆறுதலாக ஏழெட்டு நிமிடம். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தை 25 மடங்கு அளவில் கடத்தும், ஐஸ் தேவையில்லை, நேரம்தான் தேவை. துவாயால் உரசித் துடைக்காமல் ஒற்றிவிட்டு, மறுபடி ஐந்து நிமிடம் ஃபேன். சேட் எல்லாவற்றுக்கும் கடைசி. காலைச் சாப்பாட்டையும் கவனியுங்கள்: சுடச்சுடத் தேத்தண்ணி வயிற்றுக்குள் போனால் அங்குள்ள வெப்ப உணரிகளே வியர்வையைத் தூண்டிவிடும். கட்டச்சம்பலின் உறைப்பு முகத்திலும் தலையிலும் வேர்க்க வைக்கும். ஓடிய நாளில் தேத்தண்ணியை ஆறவைத்துக் குடியுங்கள், அல்லது ஒஃபீசுக்குப் போய்க் குடியுங்கள்.

நண்பனோடு ஒப்பிடுவதை நிறுத்தலாம். கூடிய எடை கூடிய வெப்பம். பயிற்சி உள்ளவருக்கு வியர்வை முந்தித் தொடங்கும், அதிகமாகவும் வரும், அது நல்ல அடையாளம். வெக்கைக்குப் பழகுவதும் அப்படியே. ரொறன்ரோவிலிருந்து லீவில் வரும் மச்சான் இங்கே தினமும் ஓடினால் 10 முதல் 14 நாளில் அவருடைய இரத்தத்தின் திரவப் பங்கு கூடும், வியர்வை முந்தி வரும், வியர்வையில் உப்புக் குறையும். திரும்பிப் போய்ச் சில வாரங்களில் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். சுரப்பிகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறு, வளர்ந்த பிறகு புதிதாக உண்டாவதில்லை. குழந்தைப் பருவத்தின் முதல் இரண்டு மூன்று வருடத்துச் சூழல்தான் எத்தனை சுரப்பி வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று யப்பானிய உடற்றொழிலியலாளர் யாசு குனோ சொன்னார். கவர்ச்சியான கருத்து, ஆனால் அதை முடிந்த முடிவாக எடுக்கத் தேவையில்லை.

தண்ணீர், உப்பு விடயத்தில் மற்றவர் சொல்லும் அளவைக் கேட்காமல் உங்கள் உடம்பை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஓடுமுன் உடுப்பில்லாமல் எடை பாருங்கள், ஓடி முடித்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பாருங்கள். 68.4 கிலோ 67.7 ஆகி, இடையில் 300 மில்லிலீற்றர் குடித்திருந்தால் நீங்கள் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்த்திருக்கிறீர்கள். குறைந்த எடையை அடுத்த சில மணித்தியாலங்களில் தாகத்துக்கு ஏற்றபடி ஈடுசெய்தால் போதும். ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அது விளையாட்டல்ல. 2002 பொஸ்டன் மரதனில் இரத்தம் பரிசோதித்த 488 ஓட்டக்காரரில் 13 சதவீதத்தினருக்கு, உப்பில் உள்ள சோடியம் இரத்தத்தில் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்ததுதான் அதோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. ஒரு லீற்றர் வியர்வையில் சோடியம் ஏறக்குறைய 1 கிராம் போகும், சிலருக்குப் பாதி, சிலருக்கு இரட்டிப்பு. கறுப்பு ரீ-சேட் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிகிறவர்கள் உப்புக் கூடப் போகிறவர்கள். உங்கள் 45 நிமிட ஓட்டத்துக்குக் காலைச் சாப்பாட்டில் உள்ள உப்பே ஈடுகொடுத்துவிடும். செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு, வியர்வை அதற்கு எதிர்மாறு. வெயிலில் இரண்டு மூன்று மணித்தியாலம் விளையாடுகிறவருக்கு நான் கொடுப்பது தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும். சிறுநீரக வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் இளநீரிலும் உப்பிலும் டொக்டர் சொல்வதைத்தான் கேட்கவேண்டும்.

பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு ஓடினால் மெலியலாம் என்று ஜிம்மில் சொல்வதை நம்பாதீர்கள். குறைவது தண்ணீர், இரண்டு கிளாஸ் குடித்ததும் திரும்பி வந்துவிடும். பொலித்தீன் ஆவியாதலை முற்றாக அடைப்பதால் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வியர்வையோடு உடம்பின் நஞ்செல்லாம் வெளியேறும் என்பதும் சரியில்லை, அந்த வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

எப்போது டொக்டரிடம் போவது? நீங்கள் எழுதியதில் பயப்படும்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் எழுதாத சிலதைக் கேட்கிறேன். இரவில் நித்திரையில் உடுப்பு நனைய வேர்க்கிறதா, கூடவே இருமலோ விடாத காய்ச்சலோ மெலிவோ உண்டா? வெக்கை தாங்கமுடியாமை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாமல் எடை குறைவது உண்டா? உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வேர்க்கிறதா? புதிதாக ஏதும் மருந்து தொடங்கிய பிறகு கூடியதா? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் வியர்வையைக் கூட்டும். நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவருக்கு நடுக்கத்தோடு குளிர்ந்த வியர்வை வந்தால் சீனி இறங்கியிருக்கலாம். இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேர்த்து, நித்திரையில் நின்றுவிடுகிறது என்றால் அது வேறு வகை, அதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, தோல் டொக்டரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சை அழுத்தி, குளிர்ந்து வேர்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுங்கள்.

இன்னொன்று, உங்களோடு ஓடுகிறவர்களுக்காக. வெக்கையில் ஓடியவர் தடுமாறி, பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் கதைத்தால் அது வெப்பத்தாக்கு. ‘வேர்த்துக்கொண்டுதானே இருக்கிறார், அப்ப பயமில்லை’ என்று நினைக்கவேண்டாம். ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம். 1990க்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் நிழலில் போட்டு, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை எல்லாம் உடம்பு முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். முடிந்தால் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்த்துங்கள், தலையைப் பிடித்துக்கொண்டு. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நீங்கள் இரண்டு வாரம் இந்த ஒழுங்கில் செய்து பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஓடுமுன் எடை, ஓடிய பின் எடை, குடித்த அளவு, குளித்து முடித்து எத்தனை நிமிடத்தில் சேட் போட்டீர்கள், முதுகு நனைந்ததா என்று ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். மழை நாள், காற்றில்லாத நாள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண்களை இங்கேயே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன்.